கேஸ் தள்ளுபடி, ஆனாலும் 2 வருஷம் ஜெயில்: அமெரிக்காவின் ‘கண்காணிப்பு விடுதலை’யும் அப்பீல் சிக்கலும்

ஒருவர் மீது லோக்கல் போலீஸ் வழக்கு போடுகிறது. பின்னர் அந்த வழக்கு தள்ளுபடி ஆகிறது. ஆனாலும் அதே விவகாரத்தை வைத்து அவரை 2 வருஷம் சிறைக்கு அனுப்புகிறார் இன்னொரு நீதிபதி. இது எப்படி நடக்கும் என்று கேட்கிறீர்களா? ஓஹியோ மாநிலத்தில் நடந்தது. அந்த அப்பீல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஜூனில் ‘எஸ்டெராஸ் எதிர் அமெரிக்கா’ என்ற முக்கியமான தீர்ப்பாக வந்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்ம ஊரில் ‘பரோல்’ என்றால் வீட்டுக் கல்யாணத்துக்கோ துக்கத்துக்கோ கைதிக்குக் கிடைக்கும் சில நாள் விடுப்பு. அமெரிக்காவில் பரோல் என்பது தண்டனைக் காலம் முடியும் முன்பே நிபந்தனையோடு வெளியே விடுவது. ஃபெடரல் வழக்குகளில் அந்த முறையை 1984-ல் வந்த சட்டம் ஒழித்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் ‘சூப்பர்வைஸ்டு ரிலீஸ்’, அதாவது கண்காணிப்பு விடுதலை. இது சிறைத் தண்டனையைக் குறைக்காது. முழுசாக உள்ளே இருந்துவிட்டு வந்த பிறகு, அதற்கு மேல் தொடங்கும் தனிக் கணக்கு இது. பங்குச்சந்தை மோசடி வழக்கில் 2011-ல் 11 வருஷம் தண்டனை பெற்ற, கொழும்பில் பிறந்த ராஜ் ராஜரத்தினத்துக்கும் சிறைக்குப் பிறகு 2 வருஷக் கண்காணிப்பு என்று தீர்ப்பிலேயே எழுதப்பட்டிருந்தது.

கண்காணிப்பில் இருப்பவர் பர்மிஷன் இல்லாமல் தன் நீதிமன்ற எல்லையைத் தாண்ட முடியாது. வாரம் 30 மணி நேரமாவது வேலை பார்க்கணும். போலீஸ் கூப்பிட்டு விசாரித்தால் 72 மணி நேரத்துக்குள் நன்னடத்தை அதிகாரியிடம் சொல்லணும். அந்த அதிகாரி எப்போது வேண்டுமானாலும் வீட்டுக் கதவைத் தட்டலாம்.

இதில் ஒன்றை மீறியதாக அதிகாரி புகார் கொடுத்தால் என்ன ஆகும்? விசாரணை உண்டு, வக்கீல் உண்டு, வசதி இல்லாதவருக்கு அரசே வைத்துக்கொடுக்கும். ஆனால் ஜூரி கிடையாது. வழக்கமான சாட்சியச் சட்ட விதிகள் கிடையாது. பிறர் சொல்லக் கேட்ட தகவல்கூட உள்ளே வரலாம். ‘சந்தேகத்துக்கு இடமின்றி’ நிரூபிக்கவும் தேவையில்லை. மீறியிருக்கவே அதிக வாய்ப்பு என்று நீதிபதிக்குத் தோன்றினால் போதும். 51-க்கு 49 என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஓஹியோ புதிருக்கு விடை இதுதான். குற்ற வழக்கில் போதாத ஆதாரம் இங்கே போதும். மூல குற்றத்தின் தீவிரத்தைப் பொறுத்து 1 முதல் 5 வருஷம் வரை திரும்ப உள்ளே போக நேரலாம்.

சரி, தீர்ப்பு தப்பு என்றால் அப்பீல் போகலாமே? போகலாம். அதற்கான நோட்டீஸைத் தாக்கல் செய்ய 14 நாள்தான் டைம். தகுந்த காரணம் காட்டினால் அதிகபட்சம் இன்னும் 30 நாள். மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சிகளைத் திரும்பக் கூப்பிட்டு விசாரிக்காது. ‘அந்த சாட்சியை நான் நம்பினேன்’ என்று கீழ் நீதிபதி சொல்லியிருந்தால், அது அப்பட்டமான தவறாக இருந்தால் ஒழிய கை வைக்காது. சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்ற வாதத்துக்குத்தான் அங்கே உண்மையான பலம். பெரிய வெற்றிகள் பெரும்பாலும் அந்த வழியில்தான் வந்திருக்கின்றன.

எஸ்டெராஸ் வழக்கும் அப்படித்தான். ஹெராயின் வழக்கில் 12 மாத சிறையும் 6 வருஷக் கண்காணிப்பும் பெற்றவர் அவர். துப்பாக்கி வைத்திருந்தது உள்ளிட்ட மீறல்கள் என்று புகார் வர, நீதிபதி 24 மாதம் சிறை விதித்தார். அப்போது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, சட்டத்தின் மீது மரியாதையை வளர்க்க வேண்டும் என்பது. அங்கேதான் பிடி கிடைத்தது. கண்காணிப்பை ரத்து செய்யும்போது எதையெல்லாம் கணக்கில் எடுக்கலாம் என்று சட்டம் ஒரு பட்டியல் தருகிறது. குற்றத்துக்குப் பதிலடியாகத் தண்டிப்பது, சட்டத்துக்கு மரியாதை சேர்ப்பது பற்றிய பிரிவு அந்தப் பட்டியலில் விடுபட்டிருக்கிறது. நாடாளுமன்றம் வேண்டுமென்றே விட்டதைக் கோர்ட் சேர்க்கக் கூடாது என்று 7-2 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஏமி கோனி பாரெட்.

இதற்கு முன்பு 2019-ல் ஹேமண்ட் வழக்கு. குறிப்பிட்ட சில குற்றங்களைச் செய்து கண்காணிப்பை மீறினால் குறைந்தது 5 வருஷம் சிறை என்று சட்டத்தில் இருந்தது. ஜூரி இல்லாமல் நீதிபதியே முடிவு செய்து இப்படிக் கட்டாய தண்டனை தருவது அரசமைப்புக்கு விரோதம் என்று 5-4 கணக்கில் தீர்ப்பானது. அதனால் எல்லா மீறல் வழக்குகளுக்கும் ஜூரி வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த ஒரு பிரிவோடு கதை முடிந்தது.

வாசிக்கும்போது எஸ்டெராஸ் பெரிய கதவைத் திறந்த மாதிரி தெரியும். ஆனால் அதே தீர்ப்பில் ஒரு கண்டிஷன் இருக்கிறது. நீதிபதி தப்பான காரணத்தைச் சொல்லும்போதே வக்கீல் எழுந்து ஆட்சேபம் தெரிவித்திருக்கணும். அப்போது சும்மா இருந்துவிட்டு அப்பீலில் கிளப்பினால், ‘வெளிப்படையான பிழை’ என்று காட்ட வேண்டிய கடுமையான சோதனையைத் தாண்ட வேண்டும். விசாரணை அறையில் அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு முக்கியம் என்பது பல குடும்பங்களுக்கு அப்பீல் வக்கீலைப் பார்த்த பிறகுதான் புரியும்.

அடுத்தது காலம். மீறலுக்கான தண்டனை பெரும்பாலும் மாதக் கணக்கில்தான். அப்பீலோ நிதானமாக நடக்கும். அதற்குள் தண்டனை முடிந்து, மேற்கொண்டு கண்காணிப்பும் இல்லை என்றால், ‘இனி தீர்க்க எதுவுமில்லை’ என்று கோர்ட்டுகள் பல நேரம் ஃபைலை மூடிவிடுகின்றன. கண்காணிப்பு மிச்சம் இருந்தால் வழக்கு பொதுவாக உயிரோடு இருக்கும். ஆனால் தேவையில்லாமல் உள்ளே இருந்த நாட்களை அதில் தானாகக் கழித்துக்கொள்ள முடியாது என்று 2000-ம் ஆண்டிலேயே ஜான்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கண்காணிப்பில் 1 வருஷம் முடித்த பிறகு, ‘முன்கூட்டியே முடித்து விடுங்கள்’ என்று மனு போடலாம். அந்த மனு போவதும் பெரும்பாலும் அதே நீதிபதியிடம்தான்.