கருகிய பலகை காக்கும் சுவர்

உப்புக்காற்றில் ஒரு வீடு – 9

கடலோரக் காற்றிலுள்ள உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கி, உள்ளிருக்கும் கம்பியைத் துருவேற்றி, சுவரையே வெடிக்க வைப்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் மரத்துக்கு வருவோம்.

கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்கள் மரம் என்றாலே தயங்குகிறார்கள். ஆனால் ஜப்பானின் மேற்கே, செத்தோ உள்நாட்டுக் கடலை ஒட்டிய ஊர்களில் பழைய வீடுகளின் வெளிப்பக்கம் முழுக்க மரப்பலகைதான். அதுவும் தீயில் கருக்கிய பலகை. யாக்கிசுகி என்று பெயர். சுகி என்பது அங்கே மலைச்சரிவெங்கும் நட்டு வளர்க்கும் ஊசியிலை மரம். கனம் குறைந்தது, மென்மையானது. நவோஷிமா தீவின் ஹொன்முரா தெருக்களில் நடந்தால் இருபுறமும் இந்தக் கரிய சுவர்களைக் காணலாம்.

அந்த வீடுகளின் உண்மையான சுவர் மண்ணால் ஆனது. மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, வைக்கோல் கலந்த மண்ணை அப்பி எழுப்பியது. சாரல் அடித்துக்கொண்டே இருந்தால் மண் கரையும். அதைத் தடுக்கத்தான் வெளியே பலகை. கூரையைத் தாங்கும் வேலை அதற்கு இல்லை; மழையையும் வெயிலையும் வாங்கிக்கொள்வது ஒன்றே வேலை. ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் கழற்றிவிட்டு வேறொன்றை அடித்துக்கொள்ளலாம்.

பலகையைச் சுடும் முறை அழகானது. கருக வேண்டிய பக்கம் உள்ளே இருக்கும்படி மூன்று பலகைகளை முக்கோணக் குழாயாகச் சேர்த்துக் கட்டுவார்கள். அடியில் செத்தையோ காகிதமோ வைத்துக் கொளுத்தி, குழாயை நிமிர்த்தி நிறுத்துவார்கள். அதுவே புகைபோக்கியாகிவிடும். சூடான காற்று மேலே விரைய, கீழிருந்து புதுக்காற்று உள்ளே பாயும்; சிறிது நேரத்தில் உச்சியில் தீ சீறும். எதிரெதிரே நிற்கும் முகங்கள் தங்கள் வெப்பத்தை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்வதால் வேறு விறகு தேவைப்படுவதில்லை. சில நிமிடங்களில் சாய்த்துக் கட்டை அவிழ்த்ததும் பலகைகள் பிரிகின்றன, தீ தளர்கிறது. உடனே தண்ணீர் ஊற்றி அணைப்பார்கள். சில மில்லிமீட்டர் கனத்துக்கு, முதலைத் தோல்போல வெடித்த கரி நிற்கும்.

இந்தக் கரி எப்படிக் காக்கிறது? ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மரத்திலுள்ள ஹெமிசெல்லுலோஸ் சிதையத் தொடங்கும். 300 டிகிரியை ஒட்டிச் செல்லுலோஸும் சிதையும். பூஞ்சை தின்று வாழ்வது இவற்றைத்தான். அவை போனபின் மேற்பரப்பில் எஞ்சும் கரிமத்தில் அதற்கு உணவில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் சாதாரண மரத்தின் லிக்னினைச் சிதைத்துப் பலகையை நரைக்க வைக்கும். கரியோ அந்தக் கதிரைத் தானே வாங்கிக்கொண்டு அடியிலுள்ள மரத்தைக் காப்பாற்றும்.

இந்தச் சுவரை இன்றைய கட்டடக்கலைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஃபுஜிமோரி தெருனோபு. கட்டடக்கலை வரலாற்றாசிரியராகப் பெயர் பெற்றபின் கட்டத் தொடங்கியவர். 2005இல் ஓயிதா மாநிலத்தில் அவர் கட்டிய லமுனே வெந்நீர்க் குளியலகத்தில் கருகிய பலகையும் வெண்சாந்தும் மாறிமாறிப் பட்டை போடுகின்றன. கடலிலிருந்து விலகிய நாகானோவிலும் 2007இல் யாக்கிசுகி வீடு ஒன்றைக் கட்டினார். நீளமான பலகை சுடும்போது முறுகிக்கொள்ளும் என்று குட்டைப் பலகைகளையே கருக்குவது வழக்கம். அவரோ சுமார் 8 மீட்டர் நீளப் பலகைகளைச் சுட்டார். கான்கிரீட்டுக்குப் பேர்போன அண்டோ தடாவோகூட, 1999இல் நவோஷிமாவில் கட்டிய மினாமிதேராவுக்குக் கருக்கிய பலகையைத்தான் போர்த்தினார். அக்கம்பக்கத்து வீடுகளோடு அது இணங்கி நிற்கிறது.

இன்று பல நாடுகளின் கடலோரங்களில் இத்தகைய கரிய வீடுகள் எழுகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றில் பல, நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முறையை விட்டுவிட்டன. இறவாரமே இல்லாத பெட்டி வடிவம். சுவரோடு ஒட்டி அறைந்த பலகை. எரிவாயுத் தீயால் மேலோட்டமாகக் கறுக்கி, பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் பூசிய பரப்பு. கருக்குவது மட்டுமே பூஞ்சை எதிர்ப்பைப் பெரிதாகக் கூட்டிவிடவில்லை என்று காட்டிய ஆய்வகச் சோதனைகளும் உண்டு. தீ விஷயத்திலும் அப்படியே: எரிந்த பரப்பு சட்டென்று பற்றாது என்பார்கள். ஆனால் தீப்பிடிக்காத மரம் என்று சொல்லி யாராவது விற்றால் நம்பக் கூடாது. செத்தோ வீடுகளில் கரியோடு சேர்ந்து உழைப்பது அகன்ற இறவாரமும், மரம் மண்ணைத் தொடாமல் தூக்கி நிறுத்தும் கல் அடித்தளமும்தான். நனைந்த பலகை விரைவில் காய வேண்டும். மரச்சுவரின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே, கடலோர வீட்டுக்கு இதை விரும்புகிறவர்கள் முதலில் சுவரின் குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேளுங்கள். பலகைக்குப் பின்னால் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்றுக்கு வழி வைத்திருக்கிறார்களா? அறுத்த முனைகள் கருகாத பச்சை மரம். அவற்றுக்குத் தனிப் பூச்சு உண்டா? திருகாணிகள் உப்பைத் தாங்கும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகா? சாதாரண இரும்பாணி, பலகை கெடுவதற்கு வெகு முன்பே துருவேறிப் பிடி விட்டுவிடும். கைபடும் இடங்களில் கரி ஒட்டும் என்பதால் வாசலருகே மட்டும் தேய்த்த பலகை போதும். கடலைப் பார்த்த சுவருக்குக் கனமான கரியே வேண்டும். காற்று மோதும் பக்கம் ஆண்டுகள் போகப்போகக் கரி தேய்ந்து மரத்தின் பழுப்பு தெரியும். அதைப் பழுதென்று எண்ணிப் பெயின்ட் அடிக்காதீர்கள். தேய்வதற்காகவே வெளியே நிறுத்திய பலகை அது. முற்றிலும் ஓய்ந்ததை மட்டும் மாற்றினால் போதும். உள்ளே இருக்கும் சுவர் அப்படியே இருக்கும்.

அடுத்த வாரம்: கடலோரக் கூரையும், காற்று அதைத் தூக்கும் விதமும்.

(தொடரும்)