பிக்-அப்பை உயர்த்திய பிறகு ஸ்டீயரிங் அலைகிறதா, விளக்கு எரிகிறதா? எங்கிருந்து சரிபார்ப்பது?

போர்ட் கிள்ளான் பக்கம் பிக்-அப்பை இரண்டு அங்குலம் உயர்த்துவது புதிய விஷயம் இல்லை. கடல் பெருக்கு நாட்களில் கரையோரச் சாலைகளில் தண்ணீர் ஏறும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளானின் பல பகுதிகளும் மூழ்கியபோது, சாதாரண கார் நுழைய முடியாத தெருக்களுக்குள் ஃபோர் வீல் வண்டிகள் போய் வந்தன. 'நம்ம வண்டியும் கொஞ்சம் உயரமா இருந்தா நல்லது' என்று தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால், வேலை முடிந்து வண்டியை எடுத்த அன்றே சிலருக்குத் தலைவலி ஆரம்பித்துவிடுகிறது. 'ஸ்டீயரிங் ஒரு பக்கமா இழுக்குது', 'ரோடு நேரா இருக்கு, ஸ்டீயரிங் கோணலா நிக்குது', 'மஞ்சள் விளக்கு ரெண்டு மூணு சேர்ந்து எரியுது' என்பவைதான் வழக்கமான புகார்கள்.

இவை தனித்தனிக் கோளாறு போலத் தெரிந்தாலும் பல நேரங்களில் வேர் ஒன்றுதான். சக்கரங்களின் கோணம் மாறியிருக்கிறது. அந்த மாற்றம் வண்டியின் கணினிக்குத் தெரியவில்லை. அதனால் சரிபார்க்கும் வரிசை முக்கியம்: முதலில் இரும்பு, அடுத்து அலைன்மெண்ட், கடைசியில் கணினி.

உயர்த்தும்போது என்ன மாறுகிறது?

இன்றைய பெரும்பாலான பிக்-அப்களில் முன்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக மேலும் கீழும் அசையும். ஸ்பேசர் வைத்தோ நீளமான ஸ்பிரிங் போட்டோ உயர்த்தும்போது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகள் கீழ்நோக்கிச் சாய்கின்றன. அதோடு மூன்று கோணங்கள் மாறுகின்றன.

மேலிருந்து பார்த்தால் இரு முன்சக்கரங்களும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு 'டோ'. முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு 'கேம்பர்'. பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருப்பது 'கேஸ்டர்'.

சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போக அந்தச் சாய்வும் உதவுகிறது. பிக்-அப்பில் கேஸ்டர் செய்வதும் அதுதான். முன்பக்கத்தை உயர்த்தினால் இந்தச் சாய்வு பொதுவாகக் குறையும்.

ஸ்டீயரிங் என்ன சொல்கிறது?

அறிகுறியைக் கவனித்தால் காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

வளைவு முடிந்த பிறகு ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பவில்லை, கூட்டரசு நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் வண்டி இடமும் வலமுமாக அலைகிறது என்றால், கேஸ்டர் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

வண்டி நேராகப் போகிறது, ஸ்டீயரிங் மட்டும் கோணலாக நிற்கிறது என்றால், டோ சரிசெய்தபோது இரு பக்க டை ராட்களையும் சமமாகத் திருப்பாமல் விட்டிருக்கலாம்.

எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் இரு பக்க உயரம், டயர் காற்று, கேம்பர், பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது ஆகியவற்றைப் பாருங்கள். சாலைக் குழியில் ஏறி இறங்கும்போது மட்டும் ஸ்டீயரிங் வெட்டினால், டை ராட் அளவுக்கு மீறிச் சாய்ந்திருக்கலாம். முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்று சத்தம் வந்தால், முன் ஆக்சில் மூட்டுகளையும் அவற்றின் ரப்பர் உறைகளையும் பார்க்க வேண்டும்.

எச்சரிக்கை விளக்கு ஏன் எரிகிறது?

வழுக்கும் சாலையில் வண்டி சுழன்றுவிடாமல் தடுக்கும் நிலைப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு, 1995இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்த கார்களில் பொருத்தப்பட்டது. விஎஸ்சி, இஎஸ்சி என்று நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். அது நொடிக்குப் பல முறை ஒரு கேள்வி கேட்கிறது: ஓட்டுநர் திருப்ப நினைக்கும் பக்கமும் வண்டி உண்மையில் போகும் பக்கமும் ஒன்றுதானா?

முதல் பாதிக்கான பதிலை ஸ்டீயரிங் கோண உணரி தருகிறது. இப்போது யோசித்துப் பாருங்கள். ஸ்டீயரிங் பத்து டிகிரி கோணலாக நிற்கிறது, வண்டியோ நேராகப் போகிறது. 'ஓட்டுநர் திருப்புகிறார், வண்டி திரும்பவில்லை' என்று கணினி நினைக்கிறது. கணக்கு ஒத்துப்போகாததால், அமைப்பை நிறுத்தி மஞ்சள் விளக்கைப் போடுகிறது. உணரி கெட்டுப்போகவில்லை, நடு எது என்பதுதான் அதற்குத் தெரியவில்லை.

இன்னும் சில காரணங்களும் உண்டு.

ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால், சக்கர வேக உணரியின் ஒயரைப் பாருங்கள். உயரம் கூடியதும் அந்த ஒயர் இழுபட்டிருக்கலாம். முழுதாகத் திருப்பும்போதோ மேட்டில் ஏறும்போதோ மட்டும் விளக்கு வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். உப்புத்தண்ணீரில் இறங்கிய வண்டி என்றால் இணைப்பு முனையில் துரு பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேலைக்காக பேட்டரியைக் கழற்றியிருந்தால், சில மாடல்களில் ஸ்டீயரிங் உணரியின் நினைவு அழிந்துவிடும். அதுவே விளக்கு எரியப் போதும்.

ஏர்பேக் விளக்கு எரிகிறது, ஹாரனும் அடிக்கவில்லை என்றால் விஷயம் வேறு. ஸ்டீயரிங் தண்டைக் கழற்றிய நேரத்தில் ஸ்டீயரிங்கைச் சுற்றவிட்டால், அதற்குள் சுருண்டிருக்கும் மெல்லிய கேபிள் அறுந்துபோகும். இதை நீங்களே பிரித்துப் பார்க்க வேண்டாம். ஏர்பேக் வெடிக்கும் தன்மை உடையது.

எந்த வரிசையில் சரிபார்ப்பது?

1. நான்கு டயர்களும் ஒரே அளவா, காற்று சரியா என்று பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து ஒப்பிடுங்கள்.

2. வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பச் சொல்லுங்கள். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் எதுவும் விறைத்து நிற்கக் கூடாது. பால் ஜாயிண்ட், டை ராட் முனை, கழற்றி மாட்டிய போல்ட்டுகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

3. அடுத்து அலைன்மெண்ட். ஸ்டீயரிங்கை நடுவில் பூட்டிவிட்டு, முதலில் கேஸ்டரும் கேம்பரும், கடைசியில் டோவும் சரிசெய்ய வேண்டும். 'டோ மட்டும் பார்த்தாச்சு' என்றால் வேலை முடியவில்லை. முன்னும் பின்னும் எடுத்த அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கேஸ்டர் வரம்புக்குள் வரவே இல்லை என்றால், உயர்த்திய வண்டிக்கென்று செய்யப்பட்ட மேல் கைகள் தேவைப்படலாம்.

4. இதற்குப் பிறகுதான் ஸ்கேனர். பதிவான பிழைக் குறியீடுகளை அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள். பிறகு சமதளத்தில், சக்கரங்கள் நேராக இருக்க, ஸ்டீயரிங் உணரிக்குப் புதிய நடுநிலையைப் பதிவு செய்ய வேண்டும். சில மாடல்கள் கொஞ்ச தூரம் நேராக ஓட்டினாலே தாமாகக் கற்றுக்கொள்ளும்.

5. கண்ணாடியில் கேமராவோ முன்பக்கத்தில் ராடாரோ உள்ள புதிய வண்டி என்றால் அவற்றையும் மறுஅளவீடு செய்ய வேண்டும். உயரமும் சாய்வும் மாறினால் அவை பார்க்கும் இடமும் மாறும்.

வரிசையை மாற்றினால் என்ன ஆகும்? கோணலாக நிற்கும் ஸ்டீயரிங்கை 'நடு' என்று பதிந்துவிட்டு, பிறகு அலைன்மெண்ட் செய்தால் அதே விளக்கு மறுபடியும் எரியும். காசும் இரண்டு முறை போகும்.

விளக்கே எரியாத ஆபத்து

சில பிரச்சினைகளுக்கு விளக்கு கிடையாது. பல பழைய பிக்-அப்களில், பின்பக்கச் சுமைக்கு ஏற்ப பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு உண்டு. சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளியை வைத்துத்தான் அது சுமையை அளக்கிறது. பின்பக்கத்தை உயர்த்தியதும் இடைவெளி கூடுகிறது. வண்டி காலி என்று வால்வு நினைத்து, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். சாமான் ஏற்றிக்கொண்டு பூலாவ் இண்டா சாலையில் கண்டெய்னர் லோரிக்குப் பின்னால் போகும்போது இது சின்ன விஷயம் இல்லை. அந்த வால்வின் கம்பியையும் புதிய உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும்.

டயரும் அப்படித்தான். பல பிக்-அப்களில் வரும் 265/65 ஆர்17 டயருக்குப் பதிலாக 285/70 ஆர்17 போட்டால், விட்டம் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடும். மீட்டர் முன்பு சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், அது 110 காட்டும்போது நீங்கள் உண்மையில் கிட்டத்தட்ட 118இல் போகிறீர்கள். நெடுஞ்சாலை உச்ச வரம்பு 110 என்பதை மறக்க வேண்டாம். முன் விளக்கின் ஒளியும் மேலே ஏறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசும். அதையும் இறக்கி வைக்க வேண்டும்.

சட்டமும் காப்புறுதியும்

மலேசியாவில் வாகனத்தின் அமைப்பை மாற்ற சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி தேவை. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், அனுமதியில்லாத மாற்றம் குற்றமாகும். உங்கள் மாடலுக்கு எவ்வளவு உயரம் அனுமதிக்கப்படும் என்பதை, பட்டறைக்குப் போகும் முன்பே ஜேபிஜேயிடம் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கோரும்போது சிக்கல் வரலாம்.

எப்போது ஓட்டவே கூடாது?

சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தாலோ, பிரேக் மிதி கீழே இறங்கினாலோ, ஸ்டீயரிங் திடீரென இறுகினாலோ, அதில் ஆட்டம் அதிகமாகத் தெரிந்தாலோ வண்டியை ஓரமாக நிறுத்தி, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

மஞ்சள் ஏபிஎஸ் அல்லது விஎஸ்சி விளக்கு மட்டும் என்றால், வண்டி சாதாரணமாக நிற்கும், திரும்பும். ஆனால் மழையில் வழுக்கினால் உங்களைக் காப்பாற்ற வேண்டிய துணை அப்போது வேலை செய்யாது. மெதுவாகப் பட்டறை வரை போகலாம். பல்பைக் கழற்றுவதும் ஃபியூசைப் பிடுங்குவதும், 'உயர்த்தின வண்டின்னா இப்படித்தான்' என்று விட்டுவிடுவதும் தீர்வாகாது. சரியாக உயர்த்தி, சரியாக அளந்த வண்டியில் ஒரு விளக்குகூட எரியத் தேவையில்லை.