சுவரில் முளைத்த போன்சாய்

மொட்டை மாடிச் சுவர் விரிசலில் ஓர் ஆலங்கன்று எட்டிப் பார்த்தால் என்ன செய்வீர்கள்? வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும், விட்டுவைத்தால் சுவரைப் பிளக்கும். தொல்லைதான்! ஆனால் போன்சாய் வளர்ப்பவர் கண்ணில் பட்டால் விடமாட்டார், நேயர்களே.

காக்கையோ மைனாவோ பழம் தின்று எச்சமிட்ட விதை அது. மண்ணே இல்லாத இடுக்கில் வருடக்கணக்காக அரைப்பட்டினி கிடந்து, குட்டையாக, அடி தடித்து நிற்கும். தொட்டியில் பாடுபட்டு வரவழைக்கிற அந்த வடிவத்தில் பாதியைச் சுவரே செய்து கொடுத்துவிடுகிறது! மழைக்காலத் தொடக்கத்தில் கொஞ்சம் வேரோடு பெயர்த்து, நீர் தேங்காத மண்ணில் நட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆலும் அரசும் லேசில் சாகிற சாதியில்லை.

கிடைத்ததெல்லாம் ஒல்லிக் கன்றுகளா? அதற்கும் வழியுண்டு. நாலைந்து ஆலங்கன்றுகளைச் சேர்த்து இறுகக் கட்டி நடுங்கள். பருக்கப் பருக்க ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே அடிமரமாகிவிடும். ஒட்டுக் கட்டக் கத்திகூட வேண்டாம்; சில வருடப் பொறுமை இருந்தால் போதும். ஆனால், கட்டிய கயிறு பட்டைக்குள் பதிகிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துத் தளர்த்திவிடுங்கள்.