மனுவை உத்தரவாக்கிய சிறுகோடு

நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் திருவனந்தபுரம் வந்திறங்கி, கழக்கூட்டத்துக்குப் பஸ் ஏறும் கூட்டத்தில் குமரி மாவட்டத்து இளைஞர்களும் உண்டு. அவர்கள் போவது டெக்னோபார்க்குக்கு. 1990-ல் நிறுவப்பட்ட அது இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. கம்ப்யூட்டர் வேலை என்றால் புதிது புதிதாக எதையோ உண்டாக்குவது என்றே ஊரிலுள்ள பெற்றோர் நினைக்கிறார்கள். உண்மையில் இத்தொழிலில் பெரும்பங்கு, பிறர் எழுதி வைத்ததைப் பழுது பார்ப்பதுதான். வீடு கட்டியவர் பெயர் வாசலில் இருக்கும். மழைக்கு முன் ஓடு மாற்றுகிறவர் பெயர் எங்கும் இராது.

இதற்கு நல்ல உதாரணம் 'பி.எச்.பி.' என்னும் கம்ப்யூட்டர் மொழி. ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர், தம் சுயவிவரப் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அறிவதற்காக 1994-ல் சிறு கருவியாக எழுதியது இது. மறு ஆண்டு எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். தமிழ், மலையாள விக்கிப்பீடியாக்கள் இன்று ஓடுவது இம்மொழியில் எழுதிய மென்பொருளில்தான். இதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். காசு கொடுக்க வேண்டாம். ஆனால் பழுது வந்தால் பார்ப்பது யார்?

குமாஸ்தாவுக்கு வந்த குழப்பம்

இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் சொற்கள், வாசகர் சர்வரிடம் கொடுக்கும் மனு போன்றவை. பி.எச்.பி.யை ஒருவகையாக அமைத்திருந்த சர்வர்களில், அந்த மனு ஒரு சிறுகோட்டுடன் தொடங்கினால் விபரீதம் நேர்ந்தது. கவுண்டரில் நீட்டிய மனுவை மேலதிகாரியின் உத்தரவு என்று குமாஸ்தா எடுத்துக்கொண்டது போல, பி.எச்.பி. அதைத் தனக்கிட்ட கட்டளையாக எண்ணி நிறைவேற்றியது. முன்பின் தெரியாதவர் கூட சர்வரைத் தம் இஷ்டத்துக்கு ஆட்டி வைக்கலாம் என்ற நிலை.

2004 முதல் ஒளிந்திருந்த இந்தப் பிழை, 2012 ஜனவரியில்தான் வெளிப்பட்டது. இந்தியாவில் நடக்கும் நல்கான் பாதுகாப்பு மாநாட்டையொட்டிய போட்டியில் கலந்துகொண்ட வெளிநாட்டுக் குழு ஒன்று தற்செயலாக அதைக் கண்டது. மே மாதம் திருத்தம் வந்தது. அது போதவில்லை. சில நாட்களில் இரண்டாவது திருத்தம் வந்தது. விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. தைவானைச் சேர்ந்த ஆரஞ்சு த்ஸை என்ற ஆய்வாளர், 2024-ல் அதே பிழை வேறு வழியாக நுழைவதைக் கண்டுபிடித்தார். சீன, ஜப்பானிய மொழி அமைப்புள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர்களில், சிறுகோட்டைப் போன்ற இன்னொரு குறியை விண்டோஸே சாதாரணச் சிறுகோடாக மாற்றிக் கொடுத்துவிட்டது. வாசலில் நின்ற காவலாளி பழைய முகத்தைத்தான் தேடினார். ஆள் வேஷம் மாற்றி உள்ளே போய்விட்டார். 2024 ஜூன் 6-ல் திருத்தம் வெளியாயிற்று. ஆனால் ஓரிரு நாட்களிலேயே, அதைப் போடாத சர்வர்களைத் தேடித் தாக்குதலும் ஆரம்பமாயிற்று.

திருத்துவது எப்படி?

பிழையைக் கண்டவர் முதலில் அதை மீண்டும் நிகழ்த்திக் காட்டும் சிறு நிரலை அனுப்ப வேண்டும். அந்தப் பிழை திரும்பினால் உடனே காட்டிக்கொடுக்கும் சோதனை ஒன்றும் திருத்தத்துடன் எழுதப்படும். பிறகு வேறொருவர் வரிவரியாகச் சரிபார்ப்பார். ஆயிரக்கணக்கான பழைய சோதனைகளும் ஓடும். ஒரு பழுதைச் சரிசெய்யப் போய் வேறொன்றைக் கெடுத்துவிடக் கூடாதல்லவா?

இவ்வளவு வேலைக்கும் ஆள் குறைவு. பராமரிப்பில் பெரும்பங்கு வகித்த நிகிதா பொபோவ் 2021-ல் வேறு பணிக்குச் செல்வதாக அறிவித்தபோதுதான், உள்ளே இருப்பதை முழுதும் அறிந்தவர்கள் எத்தனை சிலர் என்பது பலருக்கு உறைத்தது. அவ்வாண்டு நவம்பரில் பி.எச்.பி. அறக்கட்டளை அமைந்தது. நிறுவனங்களும் தனிநபர்களும் தரும் நன்கொடையிலிருந்து பராமரிப்பாளர்களுக்கு ஊதியம் வழங்கப்படுகிறது.

திருவனந்தபுரத்தின் பங்கு

கட்டற்ற மென்பொருள் என்ற எண்ணத்துக்கு இந்நகரம் அந்நியமல்ல. 2001 ஜூலை 20-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தது இங்கேதான். கேரள அரசு 2011-ல் இதற்கென்றே 'ஐசிஃபாஸ்' என்னும் நிறுவனத்தை இங்கு அமைத்தது. மாநிலப் பள்ளிப் பிள்ளைகள் கற்பதும் லினக்ஸ் கம்ப்யூட்டரில். இலவசமாக எடுத்துக்கொள்ளப் பழகிய ஊர், திருத்திக் கொடுக்கவும் பழகினால் அது பெரிய காரியம்.

கடைக்கோ சங்கத்துக்கோ இணையப் பக்கம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது: அங்கே ஓடும் பி.எச்.பி. பதிப்புக்கு இன்னும் திருத்தங்கள் வருகின்றனவா? ஒவ்வொரு பதிப்புக்கும் சில ஆண்டுகளே ஆயுள். அதற்குப் பின் வரும் ஓட்டையை அடைக்க ஆளில்லை.

இளைஞர்களுக்கும் இதில் இடமுண்டு. திருத்தம் அனுப்புகிறவரிடம் எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. திருத்தம் சரியா என்பதே கேள்வி. சரியானால், மாற்றியது ஒரே வரியானாலும், மாற்றியவர் பெயர் தேதியோடு அந்த நிரலின் பதிவேட்டில் நிலைத்திருக்கும். ஓடு மாற்றுகிறவருக்குக் கிடைக்காத மரியாதை அது.