மனிதாபிமானப் பணியாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி: கற்பிக்கப்படுவது என்ன? யாருக்குக் கிடைப்பதில்லை?

உலகெங்கும் 2024-ஆம் ஆண்டில் 383 மனிதாபிமானப் பணியாளர்கள் கொல்லப்பட்டதாக ஐக்கிய நாடுகள் சபை தெரிவித்துள்ளது. அவர்களில் 181 பேர் காஸாவில் உயிரிழந்தவர்கள். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலானோர் வெளிநாட்டினர் அல்லர். அந்தந்த நாட்டையே சேர்ந்த உள்ளூர்ப் பணியாளர்கள். சிலர் பணியின்போதும், சிலர் தங்கள் வீடுகளிலும் தாக்குதலுக்கு உள்ளாயினர்.

பாக்தாத் தந்த பாடம்

ஈராக் தலைநகர் பாக்தாதில் ஐ.நா. அலுவலகம் இயங்கிய கனால் ஹோட்டல் மீது 2003 ஆகஸ்ட் 19 அன்று லாரி வெடிகுண்டுத் தாக்குதல் நடத்தப்பட்டது. ஐ.நா. சிறப்புத் தூதர் செர்ஜியோ வியெரா டி மெல்லோ உட்பட 22 பேர் உயிரிழந்தனர். ஐ.நா.வின் பாதுகாப்பு ஏற்பாடுகள் செயலிழந்த நிலையில் இருந்ததாக மார்ட்டி அஹ்திசாரி தலைமையிலான விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. இதன் தொடர்ச்சியாக 2005-இல் ஐ.நா. பாதுகாப்புத் துறை தொடங்கப்பட்டது. ஆகஸ்ட் 19 உலக மனிதாபிமான தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

பயிற்சியில் என்ன உள்ளது?

ஐ.நா. பணியாளர்கள் 'பிசேஃப்' என்ற இணையவழிப் பயிற்சியைக் கட்டாயம் முடிக்க வேண்டும். அபாயம் மிகுந்த இடங்களில் பணியாற்றுவோருக்கு 'எஸ்சேஃப்' என்ற களப்பயிற்சியும் உண்டு. தொண்டு நிறுவனங்கள் பல, 'ஹீட்' எனப்படும் அபாயச் சூழல் விழிப்புணர்வுப் பயிற்சியை அளிக்கின்றன. இது பொதுவாக 3 முதல் 5 நாள்கள் நடைபெறும்.

சோதனைச் சாவடியில் கைகளை வெளியே தெரியும்படி வைத்து நிதானமாகப் பேசுவது, குண்டுவீச்சின்போது ஜன்னல்களை விட்டு விலகி உறுதியான சுவரின் பின்னே பதுங்குவது, கண்ணிவெடி இருப்பதாக ஐயம் எழுந்தால் அதே இடத்தில் நின்று உதவி கோருவது ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. ரத்தப்போக்கை நிறுத்தும் முதலுதவி, வயர்லெஸ் தொடர்பு, கடத்தப்பட்டால் நடந்துகொள்ளும் முறை ஆகியவையும் இடம்பெறுகின்றன. கடத்தலின் முதல் சில நிமிடங்களே மிக ஆபத்தானவை என்பதால், எதிர்த்துப் போராட வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுகிறது.

நிறுவனத்தின் பொறுப்பு

பயிற்சி அளிப்பதோடு நிறுவனத்தின் கடமை முடிவதில்லை. கென்யாவின் தாதாப் அகதிகள் முகாமில் 2012 ஜூனில் நார்வே அகதிகள் கவுன்சில் ஊழியர்கள் 4 பேர் கடத்தப்பட்டனர். வாகன ஓட்டுநர் ஒருவர் கொல்லப்பட்டார். மீட்கப்பட்ட ஊழியர்களில் ஒருவர் தொடர்ந்த வழக்கில், ஆபத்து முன்கூட்டியே அறியக்கூடியதாக இருந்தும் நிறுவனம் கடுமையான அலட்சியத்துடன் நடந்துகொண்டதாக ஆஸ்லோ நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. சுமார் 44 லட்சம் நார்வே குரோன் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. பணியாளர் நலன் காப்பது சட்டக் கடமை என்பதை இத்தீர்ப்பு தொண்டு நிறுவனங்களுக்கு உணர்த்தியது.

பயிற்சியின் எல்லை

விபத்து, கொள்ளை, கடத்தல் ஆகியவற்றின் அபாயத்தைப் பயிற்சி குறைக்கும். வான்வழித் தாக்குதலைத் தடுக்காது. 2024 ஏப்ரல் 1 அன்று காஸாவில் 'வேர்ல்டு சென்ட்ரல் கிச்சன்' அமைப்பின் 7 பேர் இஸ்ரேல் ராணுவத்தின் தாக்குதலில் கொல்லப்பட்டனர். அவர்களது பயணம் குறித்து ராணுவத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருந்தது. அடுத்த மாதம் ராஃபாவில் ஐ.நா. வாகனம் தாக்கப்பட்டதில் இந்திய ராணுவத்தின் முன்னாள் அதிகாரி வைபவ் அனில் காலே உயிரிழந்தார். அவர் ஐ.நா. பாதுகாப்புத் துறையிலேயே பணியாற்றியவர்.

மனிதாபிமானப் பணியாளர்களைப் பாதுகாக்கும் கடமையைப் போரிடும் தரப்புகளுக்கு வலியுறுத்தும் 2730-ஆம் எண் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 2024 மே 24 அன்று நிறைவேற்றியது.

உள்ளூர்ப் பணியாளர்களின் நிலை

சர்வதேச அமைப்புகள் பல, உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள் வழியாகவே உதவிகளை விநியோகிக்கின்றன. ஆனால் பயிற்சி, காப்பீடு, வாகனப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான நிதி அந்த ஒப்பந்தங்களில் பெரும்பாலும் போதிய அளவில் ஒதுக்கப்படுவதில்லை. நிலைமை மோசமானால் வெளிநாட்டுப் பணியாளர்கள் வெளியேற்றப்படுகின்றனர். உள்ளூர்ப் பணியாளர்கள் குடும்பத்துடன் அங்கேயே தங்குகின்றனர். அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கே பாதுகாப்பு குறைவாகக் கிடைக்கும் இந்த நிலை மாற வேண்டுமெனில், பாதுகாப்புச் செலவைத் திட்டச் செலவின் ஒரு பகுதியாகவே நன்கொடை நாடுகள் ஏற்க வேண்டியிருக்கும்.