தண்ணீரில் இறங்கும் பெண்கள் ஸ்போர்ட்ஸ் பிரா போடலாமா? காட்டன் வேண்டவே வேண்டாம்!

கும்மிடிப்பூண்டி:-

ஏரி, குளம், ஆறு, கடல், பழவேற்காடு உப்பங்கழி என்று எதற்கும் குறைவில்லாத மாவட்டம் திருவள்ளூர். பூண்டி, புழல், சோழவரம் ஏரிகள் சென்னைக்கே குடிநீர் கொடுக்கின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடித்து வீடு திரும்பும் பெண்களின் பஸ் கூட ஏதாவது ஒரு ஏரிக்கரையைத் தாண்டித்தான் ஊர் போய்ச் சேர வேண்டும். ஆனால் தண்ணீருக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் நீச்சல் தெரியாத பெண்கள் இங்கே ஏராளம்.

இதற்கு நாம் கொடுத்திருக்கும் விலை கொஞ்சநஞ்சம் அல்ல.

2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கும்மிடிப்பூண்டியை அடுத்த புதுகும்மிடிப்பூண்டியில் கோவில் குளத்தில் மூழ்கி பெண்கள், சிறுமிகள் என 5 பேர் பரிதாபமாக இறந்தனர். 2022 ஜூன் மாதம் கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளித்தபோது 7 பேர் பலியானார்கள். அவர்களும் இளம்பெண்கள், சிறுமிகள்தான். 2023 பிப்ரவரியில் கால்பந்து போட்டிக்காக வந்த புதுக்கோட்டை மாவட்ட அரசு பள்ளி மாணவிகள் 4 பேர், கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் குளிக்கப்போய் உயிரை விட்டனர்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். ஐ.நா. சபை ஜூலை 25-ந்தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் தினமாக அறிவித்ததும் அதே 2021-ல்தான்.

முதல் தடை எது?

பையன்கள் டவுசரோடு கிணற்றில் குதித்து, நாலு மடக்கு தண்ணீர் குடித்து, ஒரே கோடை விடுமுறையில் நீச்சல் பழகிவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளும் 9, 10 வயது வரை கூடவே குதிக்கிறார்கள். வயதுக்கு வந்ததும் கரையேற்றி விடுகிறோம். அதோடு சரி.

பிறகு கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாலும் முதலில் வரும் கேள்வி, ‘எதைப் போட்டுக்கிட்டு இறங்குறது?’ என்பதுதான். வெளியே சொல்ல கூச்சம். கடையில் கேட்கவும் கூச்சம். அம்மாவிடம் கேட்டால் அம்மாவுக்கும் தெரியாது. இந்த ஒரு கேள்விக்கு பதில் கிடைக்காமலேயே பலருடைய நீச்சல் ஆசை கரையோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விவரமாகவே பார்க்கலாம்.

புடவையும் நைட்டியும் என்ன செய்யும்?

நம் ஊர்களில் பெண்கள் குளிக்க இறங்குவது மார்பு வரை ஏற்றிக் கட்டிய பாவாடையில், நைட்டியில், அல்லது சுடிதாரில். துணி நனைந்தால் கனத்து ஆளை உள்ளே இழுத்துவிடும் என்று சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. தண்ணீருக்குள் இருக்கும்வரை நனைந்த துணியின் கனம் பெரிதாகத் தெரியாது. கரை ஏறும்போதுதான் தெரியும்.

உண்மையான ஆபத்து வேறு. தொளதொளவென்ற துணி தண்ணீரில் விரிந்து, கை காலை வீச விடாமல் தடுக்கும். நைட்டி குடை மாதிரி மேலே கிளம்பும். புடவை காலோடு சுற்றிக்கொள்ளும். துப்பட்டா கழுத்தில் மாட்டும். நீச்சல் தெரிந்தவருக்கே இது சிரமம். பழகுகிறவருக்கு பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கிவிடும்.

உள்ளே போட்டிருக்கும் சாதாரண காட்டன் பிராவும் தண்ணீருக்கு ஏற்றதல்ல. பஞ்சு நூல் தண்ணீரை உறிஞ்சி தொங்கிப்போகும். நாடா தோளை அறுக்கும். லேசில் காயாது. கம்பி வைத்த பிரா என்றால் உப்புத் தண்ணீரிலும் குளோரின் தண்ணீரிலும் நாளடைவில் துருப்பிடிக்கலாம்.

ஸ்போர்ட்ஸ் பிரா சரிப்படுமா?

சரிப்படும். ஆனால் எல்லா ஸ்போர்ட்ஸ் பிராவும் அல்ல.

ஸ்போர்ட்ஸ் பிரா என்பது ஓடுகிற பெண்களுக்காக வந்த சமாச்சாரம். 1977-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்ற 3 பெண்கள் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். ஆண் விளையாட்டு வீரர்கள் அணியும் இரண்டு உள்ளாடைகளை ஒன்றாகத் தைத்துத்தான் முதல் மாதிரியையே செய்தார்கள் என்பது சுவாரசியமான தகவல். ஓடும்போது மார்பு குலுங்கி வலிக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

தண்ணீரில் கதை வேறு. அங்கே தண்ணீரே உடம்பைத் தாங்குகிறது. அதனால் ஓட்டத்துக்குப் போடுவது போல நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும் பிரா நீச்சலுக்குத் தேவையில்லை. அளவுக்கு மீறி இறுக்கினால் மூச்சை முழுசாக இழுக்க முடியாது. நீச்சலில் மூச்சுதானே எல்லாமே!

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:-

* துணி: உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். பாலியஸ்டர் அல்லது நைலானோடு, இழுபடுவதற்காக கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ் கலந்திருந்தால் நல்லது. எலாஸ்டேன், லைக்ரா என்று போட்டிருந்தாலும் அதுவும் ஸ்பான்டெக்ஸ்தான். காட்டன் அதிகம் என்றால் வேண்டாம்.

* பஞ்சு, கம்பி: உள்ளே ஸ்பாஞ்ச் பேடு இருந்தால் தண்ணீரை உறிஞ்சி கனக்கும். கழட்டக்கூடிய பேடு என்றால் கழட்டிவிட்டுப் போடலாம். கம்பி, இரும்புக் கொக்கி இல்லாததாகப் பாருங்கள்.

* அளவு: மார்புக்குக் கீழே வரும் பட்டைக்குள் 2 விரல் நுழைய வேண்டும். போட்டுப் பார்த்து கையை முழு வட்டமாகச் சுற்றுங்கள். குனியுங்கள். ஒரு முறை நன்றாக மூச்சை இழுத்து விடுங்கள். பட்டை மேலே ஏறக்கூடாது, மூச்சும் முட்டக்கூடாது.

* நிறம்: வெள்ளை, சந்தன நிறம் நனைந்தால் உள்ளே தெரியும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் துணியின் கெட்டி தெரிந்துவிடும். உள்ளே போடுவதற்கு கறுப்பு, கருநீலம் சரி. ஆனால் மேலே போடும் சட்டை பளிச்சென்ற ஆரஞ்சு, சிவப்பு மாதிரி இருக்கட்டும். வெளிர் நீலமோ வெள்ளையோ போட்டவர் தண்ணீருக்குள் போனால் கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியவே மாட்டார்.

மேலே என்ன போடுவது?

ஸ்போர்ட்ஸ் பிராவை மட்டும் போட்டு இறங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு மேலே உடம்போடு ஒட்டிய பாலியஸ்டர் டி-சர்ட், கீழே நைலான் லெக்கிங்ஸ் போட்டால் உடம்பும் மறையும், கை காலும் தாராளமாக வீசலாம். கோவளம், மாமல்லபுரத்தில் அலைச்சறுக்கு செய்யும் பெண்களும் ‘ராஷ் கார்டு’ என்ற உடம்போடு ஒட்டிய சட்டையைப் போடுகிறார்கள். வெயிலில் தோல் கருகாது, பலகையில் உரசி சிராய்க்கவும் செய்யாது. முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடைகளும் கிடைக்கின்றன.

நீச்சல்குளத்துக்குப் போவதானால் அங்கே என்ன உடைக்கு அனுமதி என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காட்டன் துணி நூல் விட்டு வடிகட்டியை அடைக்கும் என்பதால் பல நீச்சல்குளங்களில் அதை விடுவதில்லை. தண்ணீர் விளையாட்டுப் பூங்காக்களிலும் புடவை, சுடிதாரோடு சறுக்கு மரத்தில் ஏற விடமாட்டார்கள். உள்ளேயே லைனிங் வைத்துத் தைத்த நீச்சல் உடை வாங்கினால் தனியாக பிரா தேவைப்படாது.

குளித்து முடித்த பிறகு...

குளத்துத் தண்ணீரில் இருக்கும் குளோரின், ஸ்பான்டெக்ஸின் இழுவையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். கரை ஏறியதும் நல்ல தண்ணீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் உலர்த்துங்கள். ஓட்டத்துக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொண்டால் இரண்டுமே நீடித்து உழைக்கும்.

ஈரத்தோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போகும் பழக்கம் வேண்டாம். மார்புக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் ஈரம் தங்கினால் படை, அரிப்பு வரும். பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. உப்புத் தண்ணீரில் ஊறிய துணி அக்குளையும் மார்பு ஓரத்தையும் அறுத்து எடுத்துவிடும். அவர்களுக்கும் சீக்கிரம் காயும் உள்ளாடையும், மேலே ஒரு முழுக்கை பாலியஸ்டர் சட்டையும் நல்ல நிம்மதி கொடுக்கும். தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொண்டு இறங்கினால் உரசல் குறையும்.

உடை உயிரைக் காப்பாற்றாது

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஸ்போர்ட்ஸ் பிராவோ நீச்சல் உடையோ யாரையும் மிதக்க வைக்காது. நீச்சல் பழகுவதற்கு அது ஒரு படி, அவ்வளவுதான். ஏரிகளில் சவுடு மண் எடுத்த பள்ளங்கள் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் ஆளுயர பள்ளத்தில் இருப்பார். பழகுவதானால் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும் இடத்தில்தான் பழக வேண்டும். படகில் ஏறினால் எந்த உடையாக இருந்தாலும் மேலே லைப் ஜாக்கெட் கட்டாயம். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் பலியானதை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பயந்து ஒதுங்கிவிடவும் வேண்டாம். 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக நீந்திய நிஷா மில்லட், சின்ன வயதில் தண்ணீரில் மூழ்கப்போய் உயிர் தப்பியவர்தான். அதற்குப் பிறகு அவர் நீச்சல் கற்றுக்கொண்டது சென்னை ஷெனாய் நகரில்.

அப்படியானால் புடவைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் 4 வாலிபர்கள் தத்தளித்தபோது, அங்கிருந்த 3 பெண்கள் தங்கள் புடவைகளையே அவிழ்த்து வீசி 2 பேரை கரைக்கு இழுத்துக் காப்பாற்றினார்கள். அந்த ஆண்டு சுதந்திர தினத்தன்று அவர்களுக்கு தமிழக அரசின் கல்பனா சாவ்லா விருது வழங்கப்பட்டது.

யாராவது மூழ்குவதைப் பார்த்தால் நீச்சல் தெரியாதவர்கள் குதிக்க வேண்டாம். கூட்டமாக மூழ்கும் சம்பவங்கள் பலவும், ஒருவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்குவதில்தான் ஆரம்பிக்கின்றன. கரையில் நின்றே புடவையை வீசுங்கள், துப்பட்டாவை வீசுங்கள், கம்பை நீட்டுங்கள். சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள்.

புடவையைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்காதீர்கள், கரையில் நின்று வீசுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெண் பிள்ளை இருந்தால், இந்தக் கோடை விடுமுறையில் அவளுக்கு இரண்டு செட் நீச்சல் துணி வாங்கிக்கொடுத்து நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.