ஆணுக்கு 3 மாதம், பெண்ணுக்கு 3 ஆண்டு!

காசு கொடுத்து உடலை வாங்குகிற ஆணைப் பிடித்து உள்ளே போடுங்கள், தொழில் தானாகப் படுத்துவிடும் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சுவீடன் 1999இல் அப்படித்தான் தொடங்கியது: விற்பவரைத் தண்டிக்கவில்லை, வாங்குபவரை மட்டும் தண்டித்தது. 6 மாதமாக இருந்த உச்சபட்ச சிறைத் தண்டனை 2011இல் ஓராண்டானது. 2022இல் அபராதம் என்ற தண்டனையே அந்தப் பிரிவிலிருந்து நீக்கப்பட்டது. வாங்குபவர் பயந்தால் ஆள் கடத்துபவரின் வருமானம் குறையும் என்பது ஆதரவாளர்களின் வாதம்.

நம் நாட்டிலும் 2006இல் வந்த விபச்சாரத் தடுப்புச் சட்டத் திருத்த மசோதா, கடத்திவரப்பட்டவர்களைத் தேடி விபச்சார விடுதிக்குப் போகிறவருக்குச் சிறை என்றது. அது நிறைவேறாமலே காலாவதியானது. மறுபடி அப்படியொரு சட்டம் கேட்பவர்கள், இருக்கிற சட்டம் யார் தலையில் விடிகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

1956ஆம் ஆண்டு விபச்சாரத் தடுப்புச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, பொது இடத்தில் நின்று அழைப்பதைக் குற்றமாக்குகிறது. அழைத்தவர் பெண் என்றால் 6 மாதம் வரை சிறை; மறுமுறை சிக்கினால் ஓராண்டு. ஆண் என்றால் 7 நாளிலிருந்து 3 மாதம். கோயில், பள்ளி, மருத்துவமனையிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் நடந்தால், 7ஆவது பிரிவின்படி இருவருக்கும் 3 மாதம் வரை. இதுவாவது சமம் என்று நினைத்தால், அடுத்து வருகிறது 17ஆவது பிரிவு.

ரெய்டில் ‘மீட்கப்பட்ட’ பெண் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படுகிறார். அவருடைய வயது, நடத்தை எல்லாம் விசாரிக்கப்படுகின்றன. பெற்றோரோ கணவரோ அவரை வைத்துக்கொள்ளத் தகுதியானவர்களா என்றும் விசாரணை நடக்கிறது, அவர் நாற்பது வயதுக்காரராக இருந்தாலும். பிறகு ஓராண்டு முதல் 3 ஆண்டு வரை காப்பகத்தில் வைக்க உத்தரவிடலாம். அதற்குப் பெயர் தண்டனை இல்லையாம். பூட்டிய கதவுக்கு உள்ளே இருப்பவருக்குப் பெயரில் என்ன ஆறுதல்? வெளியே அவருடைய பிள்ளைக்கு யார் சோறு போடுவது, வீட்டு வாடகையை யார் கட்டுவது?

வாங்குபவருக்குத் தண்டனையைக் கூட்டினால் ரெய்டுகளும் கூடும். ஒவ்வொரு ரெய்டிலும் சிக்குவது இரண்டு பேர். ஆண் ஜாமீனில் வீடு திரும்பிவிடுவார். பெண் காப்பகத்துக்குப் போவார். போலீசுக்குப் பயந்த வாடிக்கையாளர் இருட்டான இடத்தையும் அவசரத்தையும்தான் கேட்பார். வந்தவர் எப்படிப்பட்டவர் என்று எடைபோடவோ, ஆணுறை வேண்டும் என்று அழுத்திச் சொல்லவோ அந்தப் பெண்ணுக்கு நேரம் இருக்காது.

குழந்தைகள் விஷயத்தில் இந்தத் தயக்கம் எதுவும் தேவையில்லை. அங்கே குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரைகூட என்று இதே சட்டம் சொல்கிறது. அது நியாயமே. கடத்திவரப்பட்டவர் என்று தெரிந்தே சுரண்டுபவரைத் தண்டிக்கவும் தனிச் சட்டப்பிரிவு இருக்கிறது.

விருப்பமின்றிக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருக்கும் வயதுவந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்க வேண்டும், ஆணுறையைக் குற்றத்துக்குச் சாட்சியாக்கக் கூடாது என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. அதை முழுமையாகச் செயல்படுத்துங்கள். 8ஆவது பிரிவை நீக்குங்கள். வயதுவந்த பெண்ணை அவர் சம்மதமில்லாமல் காப்பகத்தில் அடைக்கும் அதிகாரத்தை எடுத்துவிடுங்கள். அதுவரை, வாங்குபவருக்கு எத்தனை ஆண்டு என்று பேசும் தகுதி நம் சட்டத்துக்குக் கிடையாது.